காரைக்குடிப் பக்கம் பலகாரத் தொழிலுக்கு எந்த மார்க்கெட்டிங் ஏஜென்சியைப் பிடிப்பது?

கேட்டவர் எழுதியிருந்ததைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். காரைக்குடிக்குப் பக்கத்து ஊர். அம்மா 20 வருடமாகப் பலகாரம் போட்டு விற்கிறார்: தேன்குழல், மணகோலம், சீப்புச்சீடை, மாவுருண்டை, அதிரசம். மாதம் சுமார் 4 லட்ச ரூபாய்க்கு ஓடுகிறது. பாதி, கல்யாணம் காட்சிகளுக்கு. மீதி சென்னை, கோவை, பெங்களூருக்குப் பார்சல். மகன் வேலையை விட்டுவிட்டு இப்போது முழுநேரமாக இறங்கியிருக்கிறார். மூன்று பேர் விலை சொல்லியிருக்கிறார்கள். சென்னை ஏஜென்சி மாதம் 45,000, ஒரு வருட ஒப்பந்தம், விளம்பரத்துக்கு மாதம் 30,000 தனி. மதுரையில் ஒரு சின்ன ஏஜென்சி 18,000, அதில் 15 போஸ்ட், 4 ரீல்ஸ், விளம்பரம் போட்டுக் கவனித்துக்கொள்வது. இன்ஸ்டாகிராம் பக்கத்தை ஆரம்பித்துக் கொடுத்த உள்ளூர்ப் பையன் 8,000 கேட்கிறார், வீடியோ நன்றாக எடுப்பார். யாரைப் பிடிப்பது?

நான் யார் என்றும் சொல்லிவிட வேண்டும். 11 வருடம் சென்னையில் ஒரு விளம்பரக் கம்பெனியில் இருந்தேன். அப்புறம் ஊருக்கு வந்து அப்பச்சியின் (எங்கள் வழக்கில் அப்பா) ஆத்தங்குடிக் கல் பட்டறையை, அதாவது தரைக்குப் போடும் டைல்ஸைக் கையால் வார்க்கும் பட்டறையை, எடுத்துக்கொண்டேன். வந்த 9 வருடத்தில் மூன்று ஏஜென்சி மாற்றியிருக்கிறேன். மேஜைக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் உட்கார்ந்தவன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

தம்பி, யாரைப் பிடிப்பது என்ற கேள்விக்கு முன்னால் ஒரு கணக்குப் போடுவோம். மாவு, எண்ணெய், ஆள் கூலி, பேக்கிங், கூரியர் எல்லாம் போக நூற்றுக்கு 25 ரூபாய் கையில் நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். உங்கள் எண் வேறாக இருந்தால் அதைப் போட்டுக்கொள்ளுங்கள். சென்னைக்காரருக்குக் கூலி 45,000, விளம்பரம் 30,000, மொத்தம் 75,000. இந்தப் பணம் திரும்பி வரவே மாதம் 3 லட்ச ரூபாய்க்குக் கூடுதலாக விற்க வேண்டும். சராசரிப் பார்சல் 800 ரூபாய் என்றால் அது 375 பார்சல், ஞாயிறு உட்பட நாளொன்றுக்குப் பன்னிரண்டு பதின்மூன்று. அதுவரை உங்களுக்கு லாபம் ஒரு ரூபாய்கூட இல்லை. இதற்கு மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி வேறு. நீங்கள் பதிவு செய்திருப்பீர்கள், அதனால் அதைப் பிறகு வரவு வைத்துக்கொள்ளலாம், ஆனாலும் முதலில் உங்கள் கையிலிருந்துதான் போகும்.

இப்போது அடுப்படிக்குப் போய்ப் பாருங்கள். தினம் பதின்மூன்று பார்சல் கூடினால் உங்கள் அம்மாவும் கூட இருப்பவர்களும் சமாளிப்பார்களா? மணகோலத்துக்குப் பாகு பதம் பார்க்க இன்னொரு கை இருக்கிறதா? சீப்புச்சீடை பெங்களூர் போய்ச் சேரும்போது முழுதாக இருக்கிறதா, இல்லை தூளாகிறதா? ஆர்டர் வந்து கொடுக்க முடியாமல் போவதைவிட மோசமான விளம்பரம் கிடையாது. 20 வருடம் சம்பாதித்த பெயரை ஒரு தீபாவளியில் கெடுத்துக்கொள்ளலாம், அதற்கு ஏஜென்சிக்குப் பணமும் கொடுத்திருப்போம்.

அதனால் உங்களுக்கு இப்போது தேவை 20, 25 சதவீதம் கூடுதல் விற்பனையும், போன வருடம் வாங்கியவர்கள் இந்த வருடமும் வாங்குவதும்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. அதற்குச் சென்னை ஏஜென்சி பெரிய வண்டி. அவர்கள் மோசம் என்று சொல்லவில்லை. நானே அப்படியோர் இடத்தில் இருந்தவன் என்பதால் தெரியும்: மாதம் பல லட்சம் செலவழிக்கும் வாடிக்கையாளருக்கு மூத்த ஆளைக் கொடுப்போம், 45,000 ரூபாய் வாடிக்கையாளருக்கு அந்த வருடம் காலேஜ் முடித்து வந்த பிள்ளையைக் கொடுப்போம். முதல் கூட்டத்தில் அழகாகப் பேசியவரை நீங்கள் மறுபடி பார்ப்பது ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும் நாளில்தான். எந்த ஏஜென்சி என்றாலும் இதைக் கேட்டுவிடுங்கள்: என் வேலையைக் கையில் வைத்திருக்கப் போவது யார், அவரோடு இப்போதே பேச முடியுமா, அவர் வேறு எத்தனை பேர் வேலையைப் பார்க்கிறார்?

அடுத்து, அவர்களுக்குக் காசு எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். பத்திரிகை விளம்பரக் காலத்தில் ஏஜென்சிக்குப் பத்திரிகை கொடுக்கும் 15 சதவீதக் கமிஷன்தான் பிழைப்பு. விளம்பரம் பெரிதாகப் போனால் கமிஷனும் பெரிது. அந்தப் பழக்கம் வேறு உருவத்தில் இன்றும் இருக்கிறது. விளம்பரச் செலவில் இத்தனை சதவீதம் என்று கூலி பேசுபவருக்கு உங்கள் செலவைக் குறைக்கச் சொல்லும் அவசியம் இல்லை. போஸ்ட் எண்ணிக்கைக்குக் கூலி பேசுபவர் எண்ணிக்கையை முடித்துக் கொடுப்பார்: மாதக் கடைசியில் நான்கு குட்மார்னிங், ஒரு மகளிர் தினம், ஒரு உலகச் சிரிப்பு தினம். விசாரிப்பு ஒன்றுக்கு இவ்வளவு என்று பேசுபவர் விசாரிப்புகளைக் கொண்டுவந்து கொட்டுவார், வாங்குபவரா என்பது அவர் கவலை இல்லை. எந்த முறையிலும் ஓட்டை இருக்கிறது. எது ஓட்டை என்று தெரிந்து உட்கார்ந்தால் போதும். உங்கள் அளவுக்கு மாதம் ஒரு நிலையான கூலி, விளம்பரப் பணம் உங்கள் கார்டிலிருந்து நேராக என்பதுதான் குழப்பமில்லாத ஏற்பாடு.

விசாரிப்பு விஷயத்தில் நான் பட்டதைச் சொல்கிறேன். என் இரண்டாவது ஏஜென்சி ஒரே மாதத்தில் 312 பேருடைய பெயரும் போன் நம்பரும் கொடுத்தது. ஆளுக்கு 60 ரூபாய் விழுந்தது, ஏறக்குறைய 18,700 ரூபாய். அறிக்கையில் அம்புக்குறி எல்லாம் மேல்நோக்கி. நானும் பட்டறையில் ஒரு பையனும் உட்கார்ந்து ஒவ்வொருவராகக் கூப்பிட்டோம். பாதிப்பேருக்குப் படிவம் நிரப்பியதே ஞாபகம் இல்லை. காரணம் எளிது: ஃபேஸ்புக்கின் அந்தப் படிவத்தில் பெயரும் நம்பரும் தானாகவே நிரம்பியிருக்கும், இரண்டு தட்டுத் தட்டினால் போய்விடும். மீதிப்பேரில் பலர் கேட்டது பளபளவென்று மெஷினில் வரும் டைல்ஸ். ஒருவர் குவாஹாத்தியிலிருந்து 100 சதுர அடி கேட்டார். கல் விலையைவிட லாரி வாடகை கூடுதல், அதுவும் போய்ச் சேரும்போது எத்தனை உடையும் என்று சொல்ல முடியாது. கடைசியில் வாங்கியவர்கள் இரண்டு பேர்.

தப்பு அவர்களுடையது மட்டும் இல்லை. ஆத்தங்குடிக் கல் எப்படி வருகிறது என்று அவர்கள் பார்க்கவே இல்லை, நானும் காட்டவில்லை. கண்ணாடியின் மேல் அச்சை வைத்து, வண்ணச் சிமெண்டுக் கலவையை ஒவ்வொரு கட்டமாக ஊற்றி, மேலே சிமெண்டும் மணலும் போட்டு மட்டப்படுத்தி, காயவிட்டு, அப்புறம் தண்ணீர்த் தொட்டியில் போட்டு எடுக்கிறோம். கண்ணாடி தந்த வழவழப்புத்தான் பளபளப்பு. ஒரு கல் மாதிரி இன்னொரு கல் அச்சு அசலாக இருக்காது. இதைத் தெரிந்து விரும்புகிறவர்தான் எனக்கு வாடிக்கையாளர். மூன்றாவதாக வந்தவர் தனியாக வேலை பார்க்கும் ஒரு பெண். விலை பேசுவதற்கு முன் பட்டறையில் அரைநாள் உட்கார்ந்தார். இரண்டு கேள்வி கேட்டார். 'கல் எதுவென்று முடிவு செய்வது வீட்டுக்காரரா, ஆர்க்கிடெக்டா?' 'உங்களுக்கு எது கட்டாது என்று எந்த ஆர்டரைத் திருப்பி அனுப்புவீர்கள்?' என் பழைய பில்களை எடுத்துப் பார்த்தால் பெரிய ஆர்டரில் முக்கால்வாசி ஆர்க்கிடெக்ட் மூலமாக வந்தது. 9 வருடத்தில் எனக்கே தோன்றாத கேள்வி. விளம்பரத்தை மூன்று ஊர் ஆர்க்கிடெக்டுகள் பக்கம் திருப்பினார். அடுத்த மாதம் வந்தது 14 விசாரிப்புத்தான். அதில் மூன்று ஆர்டர்.

உங்கள் தொழிலிலும் அதே கேள்வியைக் கேளுங்கள். கல்யாணத்துக்குப் பலகாரம் யாரிடம் போடுவது என்று யார் முடிவு செய்கிறார்கள்? பெரும்பாலும் வீட்டில் மூத்த ஆச்சி, இல்லாவிட்டால் சமையல் காண்ட்ராக்டர். இருவரும் ரீல்ஸ் பார்த்து முடிவு செய்வதில்லை. அந்தப் பாதி வியாபாரத்துக்கு எந்த ஏஜென்சியும் தேவையில்லை. காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர், கானாடுகாத்தான் பக்கம் இருக்கும் சமையல்காரர்கள் இருபது பேரை நேரில் பார்த்து, ஆளுக்கு ஒரு கொட்டான் நிறையப் பலகாரம் கொடுத்துவிட்டு வாருங்கள். பனை ஓலைக் கொட்டானில் வைத்துக் கொடுப்பதே ஒரு விளம்பரம். அந்த இருபது பேர் கொண்டுவரும் வேலையை மாதம் நாலு ரீல்ஸ் கொண்டுவராது.

ஏஜென்சி தேவைப்படுவது பார்சல் பாதிக்கு. வெளியூரில் இருக்கும் நம் பிள்ளைகள், அவர்களோடு வேலை பார்ப்பவர்கள், செட்டிநாட்டுப் பலகாரம் என்று கூகுளில் தேடுகிறவர்கள். இங்கேதான் ஊர் தெரிந்த ஆள் வேண்டும் என்கிறேன். நண்பர் ஒருவர் கண்டாங்கிச் சேலை விற்கிறார். அவருடைய வெளிமாநில ஏஜென்சி டிசம்பர் 20ம் தேதி 'கல்யாண சீசன் ஆஃபர்' போட்டது. அங்கே முகூர்த்தம் இருந்ததோ என்னவோ, இங்கே மார்கழி பிறந்து நான்கைந்து நாள் ஆகியிருந்தது. பிள்ளையார் நோன்புக்கு இழை மாவு பிசைகிற வீட்டில் கல்யாண ஆஃபரை யார் பார்ப்பார்கள்? ஆடி, மார்கழி, தீபாவளிக்கு எத்தனை நாள் முன்னால் கூரியர் நெரிசல் தொடங்கும், தையில் எத்தனை முகூர்த்தம், வெளிநாட்டுப் பிள்ளைகள் எப்போது ஊருக்கு வருகிறார்கள், இதெல்லாம் உங்கள் காலண்டர். ஏஜென்சியிடம் அடுத்த ஆறு மாதத்துக்கு என்ன செய்வீர்கள் என்று கேளுங்கள். அவர்கள் காட்டும் திட்டத்தில் இந்த நாட்கள் இல்லையென்றால் வேறு யாருக்கோ போட்டதைப் பெயர் மாற்றிக் கொண்டுவந்திருக்கிறார்கள்.

இப்போது நான் மிகவும் அழுத்திச் சொல்ல விரும்பும் விஷயத்துக்கு வருகிறேன்.

ஏஜென்சி என்பது நம் பக்கத்துக்குப் புதிதில்லை. நம் செட்டியார்கள் பர்மாவுக்கும் மலாயாவுக்கும் கொண்டுவிக்க, அதாவது வட்டித் தொழில் நடத்த, போன காலத்தில் முதலாளி பெரும்பாலும் ஊரில் இருந்தார். அங்கே கடையை நடத்தியவர் ஏஜென்ட், நம் வழக்கில் மேலாள். அவருக்குக் கீழே அடுத்தாள், தொழில் பழக வந்த பெட்டியடிப் பையன். மேலாளைப் பொதுவாக 3 வருடத்துக்கு அனுப்புவார்கள். சம்பளச் சீட்டு எழுதி, பவர் பத்திரம் கொடுத்து அனுப்புவார்கள். லாபத்தில் ஒரு பங்கும் உண்டு. ஆனால் கடை முதலாளியின் விலாசத்தில், அதாவது அவர் குடும்பப் பெயர்களின் முதலெழுத்துகளில், இருக்கும், அந்த எழுத்துகளைப் போட்டுத்தான் மேலாள் கையெழுத்திடுவார். பேரேடு கடையுடையது. கணக்கு ஒழுங்காக ஊருக்கு வரும். தவணை முடிந்தால் ஐந்தொகை (இருப்பு நிலைக் கணக்கு) போட்டு அடுத்து வருபவரிடம் ஒப்படைத்துவிட்டுத்தான் கப்பல் ஏறுவார். எவ்வளவு கெட்டிக்கார மேலாளாக இருந்தாலும் கடையைத் தன் பெயரில் எழுதிக்கொள்ள விட்டதாக நான் கேள்விப்பட்டதில்லை.

அதை இன்று நாம் தினமும் செய்கிறோம். என் முதல் ஏஜென்சி விளம்பரக் கணக்கைத் தங்கள் பெயரில் திறந்தது. எனக்கு அப்போது அது பெரிதாகத் தெரியவில்லை, பதினொரு வருடம் அந்தத் தொழிலில் படங்களையும் பத்திரிகை விளம்பரங்களையும் பார்த்தவனுக்கே தெரியவில்லை. இரண்டு வருடம் கழித்து விலகியபோது, எந்தப் படத்துக்கு ஆள் வந்தார்கள், எந்த ஊர்க்காரர்கள் வாங்கினார்கள், என் வெப்சைட்டைப் பார்த்துவிட்டுப் போனவர்கள் யார் என்ற தடம் எல்லாம் அவர்கள் கணக்கிலேயே நின்றுவிட்டது. அதுவும் என் பணத்தில் சேர்ந்தது. இன்ஸ்டாகிராம் பக்கமோ அங்கே வேலையை விட்டுப் போன ஒரு பையனின் மெயிலில் இருந்தது. அவனைத் தேடிப் பிடிக்க நான்கு மாதம் ஆனது. நல்ல பையன், கிடைத்ததும் கொடுத்துவிட்டான்.

அதனால் கையெழுத்துப் போடும் முன்னால் உங்கள் விலாசத்தில் இருக்க வேண்டியவை: வெப்சைட்டின் டொமைன் உங்கள் பெயரில், உங்கள் மெயிலில், புதுப்பிக்கும் பணமும் உங்கள் கார்டில். கூகுள் பிசினஸ் பக்கத்தில் முதன்மை உரிமையாளர் நீங்கள், ஏஜென்சி வெறும் மேலாளர், இதைத் திறக்கக் காசு கிடையாது, ஒரு மத்தியானத்தில் நீங்களே செய்துவிடலாம். ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் விளம்பரத்துக்கு மெட்டாவில் உங்கள் பெயரில் ஒரு பிசினஸ் கணக்கைத் திறந்து, பக்கத்தையும் விளம்பரக் கணக்கையும் அதற்குள் வைத்துவிட்டு, ஏஜென்சியைப் பார்ட்னராகச் சேருங்கள். விலகும்போது ஒரு பட்டனில் எடுத்துவிடலாம். கூகுள் விளம்பரத்திலும் அப்படித்தான்: கணக்கு எண் உங்களுடையது, ஏஜென்சி தன் மேலாளர் கணக்கிலிருந்து இணைந்துகொள்ளும். பாஸ்வேர்ட் யாருக்கும் கொடுக்கத் தேவையில்லை. ஆர்டர் வரும் வாட்ஸ்அப் நம்பரின் சிம் உங்கள் பெயரில் இருக்கட்டும். எடுத்த படம், வீடியோ எல்லாவற்றின் மூலப் பிரதியும் மாதாமாதம் உங்கள் ஹார்ட் டிஸ்க்குக்கு வந்துவிட வேண்டும். வாடிக்கையாளர் பட்டியல் உங்களிடம் மட்டும்.

இதற்கு ஒத்துக்கொள்ளத் தயங்குகிற ஏஜென்சியிடம் வேறு எதுவும் பேச வேண்டாம். 'எங்கள் கணக்கில் போட்டால் மலிவாக விழும்' என்பார்கள். நம்ப வேண்டாம்.

சரி, ஆளைச் சோதிப்பது எப்படி? விருது, சான்றிதழ் இதையெல்லாம் நான் அதிகம் பார்ப்பதில்லை. கூகுள் பார்ட்னர் முத்திரை வைத்திருக்கிறார் என்றால் தேர்வு எழுதித் தேறியவர்கள் அங்கே இருக்கிறார்கள், குறிப்பிட்ட அளவு விளம்பரப் பணத்தைக் கையாள்கிறார்கள் என்று அர்த்தம். நல்லதுதான். ஆனால் உங்கள் அதிரசம் விற்கும் என்று அதற்கு அர்த்தம் இல்லை. 'கூகுளில் முதல் இடம் உத்தரவாதம்' என்று சொல்பவரை வாசலோடு அனுப்பிவிடலாம். அப்படி யாராலும் உத்தரவாதம் தர முடியாது என்று கூகுளே எழுதி வைத்திருக்கிறது.

நான் செய்வது வேறு. இன்னின்ன கம்பெனிக்கு வேலை செய்கிறோம் என்று ஒரு பட்டியல் காட்டுவார்கள் அல்லவா? மெட்டாவின் விளம்பர நூலகம் என்று ஒன்று இருக்கிறது. யார் வேண்டுமானாலும் பார்க்கலாம், இலவசம். எந்தக் கம்பெனியின் பெயரைத் தட்டினாலும் இப்போது அவர்கள் ஓட்டும் விளம்பரங்கள் தெரியும், எந்தத் தேதியில் தொடங்கியது என்பதும் தெரியும். கூகுளுக்கும் இதே மாதிரி ஒரு விளம்பர வெளிப்படைத்தன்மை மையம் 2023ல் வந்தது. பட்டியலில் இருப்பவர்களை அங்கே தேடுங்கள். விளம்பரமே ஓடவில்லை என்றால் அந்த வாடிக்கையாளர் போய்விட்டாரா என்று கேளுங்கள். எல்லா விளம்பரமும் ஒரே அச்சில் வார்த்த மாதிரி இருந்தால் உங்களுடையதும் அதே அச்சுத்தான். மாதக்கணக்கில் நிறுத்தாமல் ஓடுகிற விளம்பரம் இருந்தால் அதை நல்ல அறிகுறியாக எடுத்துக்கொள்ளலாம், பலன் இல்லாமல் யாரும் அத்தனை நாள் காசு போடுவது அபூர்வம்.

அப்புறம், இப்போதைய வாடிக்கையாளர் நம்பரை எல்லோரும் கொடுப்பார்கள். விலகிப்போன ஒருவருடைய நம்பரைக் கேளுங்கள். போன் செய்து ஒரே கேள்வி: விலகும்போது கணக்கையெல்லாம் ஒழுங்காக ஒப்படைத்தார்களா? அந்தப் பதில் போதும். உங்கள் பக்கத்திலேயே இன்னொரு பலகாரக் கடை அவர்களிடம் இருக்கிறதா என்பதையும் கேட்டுவிடுங்கள். ஒரே ஊரில் இரண்டு கடைக்குத் தீபாவளி விளம்பரம் போடும் ஆள் யாருக்கு உண்மையாக இருப்பார்?

இன்னொரு சோதனை எனக்குப் பிடித்தது. விலை சொல்லியிருக்கும் மூன்று பேரில் யாராவது உங்களிடம் ஒரு பார்சல் காசு கொடுத்து வாங்கிப் பார்த்தார்களா? போன் எடுக்க எத்தனை நேரம் ஆகிறது, பணம் அனுப்பியதும் பதில் வருகிறதா, பெட்டியைத் திறந்தால் என்ன நிலையில் இருக்கிறது, லேபிளில் 14 இலக்க எஃப்எஸ்எஸ்ஏஐ (உணவுப் பாதுகாப்பு உரிமம்) எண்ணும் தேதியும் ஒழுங்காக இருக்கிறதா என்று பார்க்காமல் ஒருவர் எப்படி விற்றுக் கொடுப்பார்?

சட்டத்தையும் ஒரு வார்த்தை. ஏஜென்சி எழுதுவது உங்கள் பெயரில் போகிறது. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019ன்படி தவறான விளம்பரத்துக்கு 10 லட்சம் வரை அபராதம், மறுபடி செய்தால் 50 லட்சம் வரை. கருப்பட்டி போட்டது என்பதற்காகச் 'சர்க்கரை உள்ளவர்கள் தாராளமாகச் சாப்பிடலாம்' என்று ஒரு பையன் எழுதிவிட்டுப் போவான், பதில் சொல்ல வேண்டியது உங்கள் அம்மா. 'புவிசார் குறியீடு பெற்ற செட்டிநாட்டு முறுக்கு' என்றும் எழுதுவார்கள். முறுக்கில் அந்தக் குறியீடு 2023ல் மணப்பாறைக்குக் கிடைத்தது. நம் பக்கத்தில் கண்டாங்கிக்கு 2019ல் கிடைத்தது, கொட்டானுக்கும் உண்டு, உங்கள் தேன்குழலுக்கு இல்லை. கூகுளில் 50 நல்ல விமர்சனம் போட்டுத் தருகிறோம் என்று சொன்னால் வேண்டாம் என்று எழுத்திலேயே பதில் அனுப்புங்கள். யூடியூப்காரரைக் காசு கொடுத்து அழைத்தால் அது விளம்பரம் என்று அவர் வீடியோவில் சொல்லியாக வேண்டும், அதையும் ஏஜென்சியிடம் சொல்லி வையுங்கள்.

பலன் கிடைக்கிறதா என்று அளப்பது எப்படி என்று அடுத்துக் கேட்பீர்கள். பார்வை, லைக், ஃபாலோயர் எல்லாம் அறிக்கையில் இருக்கட்டும். நீங்கள் ஒரு 100 பக்க நோட்டு வாங்கி நாலு பத்தி போடுங்கள்: தேதி, பெயரும் ஊரும், எவ்வளவுக்கு வாங்கினார், எப்படிக் கேள்விப்பட்டார். ஒவ்வொரு ஆர்டருக்கும் அந்தக் கடைசிக் கேள்வியைக் கேட்டு எழுதுங்கள். 'அக்கா சொன்னாள்', 'இன்ஸ்டாவில் பார்த்தேன்', 'போன தையில் ஒரு கல்யாணத்தில் சாப்பிட்டேன்' என்று எப்படிச் சொன்னார்களோ அப்படியே. ஏஜென்சி வருவதற்கு முன்னால் இரண்டு மாதமாவது இதை எழுதி வையுங்கள். இல்லையென்றால், தானாக வந்திருக்கும் தீபாவளி ஆர்டரையும் அவர்கள் தங்கள் அறிக்கையில் சேர்த்துக்கொள்வார்கள். நானும் அந்தக் காலத்தில் சேர்த்திருக்கிறேன்.

சரி, என் முடிவு. சென்னை வேண்டாம். ஒரு வருட ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் அளவுக்கு உங்களுக்கும் அவர்களுக்கும் பழக்கம் இல்லை. உள்ளூர்ப் பையனை விட்டுவிடாதீர்கள். அவருக்கு மாதச் சம்பளம் வேண்டாம், பலகாரம் சுடும் நாளில் வந்து எடுத்துக்கொடுக்க, ஒரு நாளுக்கு இவ்வளவு என்று பேசுங்கள். மாதம் இரண்டு நாள் போதும். பாகு நூல் இழுப்பதை அருகில் நின்று எடுக்க மதுரையிலிருந்து யாரும் வரப்போவதில்லை. மதுரைக்காரரிடம் 15 போஸ்ட், 4 ரீல்ஸ் என்ற கணக்கைக் கிழித்துப் போடச் சொல்லுங்கள். படம் எடுக்கும் வேலை அவரிடமிருந்து குறைந்துவிட்டது, அதனால் கூலியும் குறைய வேண்டும், 12,000க்குப் பேசிப் பாருங்கள். வேலை இது: கூகுளில் தேடினால் நீங்கள் வர வேண்டும், மூன்று ஊருக்கு மட்டும் விளம்பரம், பழைய வாடிக்கையாளர்களுக்கு மாதம் ஒரு வாட்ஸ்அப் செய்தி. விளம்பரத்துக்கு மாதம் 10,000க்கு மேல் வேண்டாம். ஒப்பந்தம் 3 மாதம், யார் விலகினாலும் 30 நாள் முன்னறிவிப்பு, விலகும்போது எதையெல்லாம் ஒப்படைக்க வேண்டும் என்ற பட்டியல் ஒப்பந்தத்திலேயே. கூலியும் விளம்பரமும் சேர்த்து 22,000, உங்கள் 25 சதவீதக் கணக்கில் 88,000 கூடுதல் விற்பனை, 110 பார்சல். நாளுக்கு நாலு. அடுப்படி தாங்கும்.

முதல் மாதத்திலேயே 110 வராது. மூன்றாவது மாதத்தில் நோட்டில் 'இன்ஸ்டா', 'கூகுள்' என்று எழுதியது 60ஐத் தாண்டி ஏறிக்கொண்டிருந்தால் தொடருங்கள். 20, 25லேயே நின்றால் காபி கொடுத்து அனுப்பிவிடுங்கள். தீபாவளி மாதத்தைச் சோதனை மாதமாக வைக்க வேண்டாம், அந்த மாதம் யார் என்ன செய்தாலும் பலகாரம் விற்கும்.

இன்னொன்று, எழுதி முடித்தபோதுதான் கண்ணில் பட்டது. இன்ஸ்டாகிராம் பக்கத்தை அந்தப் பையன்தான் ஆரம்பித்துக் கொடுத்தார் என்று எழுதியிருக்கிறீர்கள். அது யாருடைய மெயிலில், யாருடைய நம்பரில் இருக்கிறது? அவரிடம் விலை பேசுவதற்கு முன்னால், இன்றைக்குச் சாயங்காலமே அவரைப் பக்கத்தில் உட்காரவைத்து மாற்றிக்கொள்ளுங்கள்.